பொருள்: கூலி பாக்கி

என் பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய தினசரிக் காலண்டர்கள், தாள் கிழிக்காமல், 1994லிருந்து வருஷத்துக்கு ஒன்று. கலெக்டர் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் காலண்டரைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, மனு கொடுக்க நல்ல நேரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் தட்சணை எவ்வளவு என்றே கேட்டுவிட்டார்.

மனு எழுதுகிறவனுக்குக் காலண்டர் எதற்கு? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தேதி சொல்ல மாட்டார்கள். "ஆடிக் கிருத்திகைக்கு மறுநா", "கருட சேவை அன்னிக்கு ராத்திரி", "பெரிய மழ வந்துச்சே, அதுக்கு முந்தின வெள்ளிக்கெழம" என்பார்கள். பெரிய மழை என்றால் 2015 டிசம்பர் 1. முந்தின வெள்ளி நவம்பர் 27. இப்படிப் பண்டிகையையும் மழையையும் தேதியாக்கித் தருவதுதான் என் தொழிலில் பாதி. மீதிப் பாதி, 'பொருள்' என்று போட்டு எதிரே எழுதும் ஒரே ஒரு வரி. அந்த வரியில் நான் ஒரு முறை தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் ரோட்டில் போனால் பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது. புள் என்றால் பறவை, இங்கே ஜடாயு. ராமர் ஜடாயுவைக் குழியில் இட்டுக் கடைசிக் கடன் செய்த இடம் என்பது தலபுராணம். சின்ன வயதில் அது பறவைக் கதை. தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. றெக்கை வெட்டுப்பட்டுக் கிடந்த ஜடாயு, ராமர் வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, தூக்கிப் போனவன் யார், எந்தத் திசையில் போனான் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. நான் பார்த்த மரண வாக்குமூலங்களில் அவ்வளவு சுத்தமானது வேறு கிடையாது.

1988ல் டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் முடித்த கையோடு, ஒரு செகண்ட்ஹேண்ட் ரெமிங்டனைத் தவணையில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை, வணக்கம். மூன்று கார்பன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, வாய்க்கால் தகராறு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் முப்பது மனுவாவது ஓடும். இந்தச் சாதாரணங்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று வரும். வந்தவர் உட்கார மாட்டார். பெண்ணாக இருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். "நைட்டு வந்து கூட்டிக்கினு போனாங்க. எங்க வச்சிகிறாங்கன்னு தெர்ல" என்பார்கள்.

அந்தக் காலத்தில் அதற்கு மனு கிடையாது, தந்தி. மனு போய்ச் சேர நாலு நாள் ஆகும், தந்தி அன்றைக்கே போகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ரசீது. தந்தி ஆபீஸ் முத்திரையில் தேதியோடு நேரமும் விழும். காலை 6.40க்கு ஆளைக் காணோம் என்று எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி போயிருக்கும். மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கு இடமாக நின்றவரைப் பிடித்தோம் என்று ரிமாண்ட் ரிப்போர்ட் வரும். நடுவில் ஒன்றரை நாள் எங்கே போனது? வக்கீல் அந்த ரசீதை நீட்டுவார். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 22வது பிரிவில் எழுதி வைத்திருப்பதெல்லாம் எங்களுக்கு அந்தச் சின்ன மஞ்சள் தாள்தான். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். எல்லோரும் அதைப் பற்றி ஞாபகக் கட்டுரை எழுதினார்கள். இந்த உபயோகத்தைப் பற்றி ஒருவரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. ரெஜிஸ்டர் தபாலையும் 2025ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஈமெயில். நேரம் அதிலும் விழுகிறது, சரிதான்.

1993ல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த அக்டோபரிலேயே டெல்லியில் தேசிய ஆணையம். தமிழ்நாட்டுக்கு மாநில ஆணையம் 1997 ஏப்ரலில். என் பெஞ்சுக்கு 'மனித உரிமை' என்ற சொல் வந்து சேர 2000 ஆகிவிட்டது. வந்ததும் ஒரே கூட்டம். அண்ணன் பாகம் பிரித்துத் தரவில்லை, மனித உரிமை. சம்பந்தி சீர் கேட்கிறார், மனித உரிமை. சீட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான், மனித உரிமை. பத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்புவேன். ஆணையம் விசாரிப்பது, அரசு ஊழியர் ஒருவர் உரிமையை மீறினார், அல்லது மீறலைத் தடுக்காமல் அசட்டையாக இருந்தார் என்ற புகாரை. சம்பந்தி அரசு ஊழியராகவே இருந்தாலும் சீர் கேட்பது அவர் டியூட்டியில் சேராது.

அந்தச் சமயம் ஒருத்தர் வந்தார். கார் கண்ணாடியில் பெரிய ஸ்டிக்கர், கழுத்தில் அடையாள அட்டை, ஏதோ மனித உரிமைக் கழகத்தின் மாவட்டத் தலைவராம். என்னையும் வட்டச் செயலாளர் ஆக்குவதாகச் சொன்னார். மூவாயிரம் கட்டினால் கார்டு, டோல்கேட்டில் காட்டலாம் என்றார். என்னிடம் இருப்பது சைக்கிள் என்றேன். ஆணையம் என்பது சட்டத்தால் ஏற்பட்டது, அதற்கு மெம்பர்ஷிப் கார்டு கிடையாது என்பதை இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்திரத்து டீக்கடையில் இந்தச் சட்டத்துக்கு நிரந்தர எதிர்க்கட்சி, எங்கள் தெரு ஏட்டய்யா. ரிட்டையர்டு. ஸ்டேஷனில் எழுதுகிறவர் ரைட்டர் என்பதால் என்னை 'வெளி ரைட்டரு' என்பார்.

"கத்தியத் தூக்கிக்கினு வர்றவனுக்கு மனித உரிம. அவன்கிட்ட வெட்டு வாங்கறவனுக்கு இன்னாய்யா உரிம? எனக்கு இன்னா உரிம? பந்தோபஸ்துல பதினெட்டு மணி நேரம் நின்னனே, அப்ப எந்த ஆணையம் வந்து மோர் குடுத்துச்சு?"

அவர் கேட்பதில் இரண்டாவது பாதி நூற்றுக்கு நூறு நியாயம். போலீஸ்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு என்று அரசாணை வரவே 2021 ஆனது. முதல் பாதிக்கு நான் சொல்லும் பதில் மனு எழுதுகிறவன் பதில்: வெட்டினவனைக் கேட்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அந்தப் போலீஸே அடித்தால் மனுவில் பெறுநர் யார்? அந்த ஒரு விலாசத்துக்காக ஏற்பட்டதுதான் இந்தச் சட்டம். அதனால்தான் அது எப்போதும் பிடிபட்டவன் பக்கம் நிற்கிற மாதிரித் தெரிகிறது. பிடிபடாதவன் அந்த விலாசத்துக்கு எழுத மாட்டான். ஏட்டய்யா இதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டது இல்லை. வாச்சாத்தியைச் சொல்வேன். 1992 ஜூனில் ஒரு மலையடிவார ஊரையே வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து சூறையாடினார்களே. 269 பேர் மேல் வழக்கு, தீர்ப்பு வரும்போது 2011, உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023ல் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. "அது காட்டுல நடந்தது" என்பார். சாத்தான்குளத்து லாக்கப் சாவுகள்? "அவனுங்க போலீஸே இல்ல" என்பார். டீ ஆறிப்போகும்.

இப்போது என் தப்பு.

2003, பங்குனி. புருஷன் பெண்சாதி இரண்டு பேர் வந்தார்கள். இருளர். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவர்கள். புருஷனின் தம்பி குடும்பமும் அங்கேயே இருந்தது. இவர்கள் மட்டும் யாருக்கும் தெரியாமல் கிளம்பி வந்திருந்தார்கள். அவன் பேசவே இல்லை. அவள்தான் பேசினாள்.

"அட்வான்ஸ் எட்டாயிரம் வாங்கனோம் சார். பையனுக்கு ஆஸ்பத்திரி செலவு. அஞ்சு வருசமா வெட்றோம், கணக்கு தீரவே மாட்டேங்குது. வாரத்துக்கு அரிசியும் இருநூறு ரூவாயும் குடுப்பாரு. கணக்கு கேட்டா அடிக்கிறாரு. மூணு வருசமா மாசி மகத்துக்குக் கடலுக்குப் போகல சார்."

நான் எழுதினேன். பொருள்: கூலி பாக்கி பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக. ஐந்து வருட வேலை, கொடுத்தது இவ்வளவு, குறைந்தபட்சக் கூலிப்படி வர வேண்டியது இவ்வளவு என்று அழகாகக் கணக்குப் போட்டேன். மாசி மகத்தை எழுதவில்லை. ஊர்க்கதை என்று விட்டுவிட்டேன். நூறு ரூபாய் தாள் ஒன்றை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பொருளில் என்ன இருக்கிறதோ, மனு அந்த செக்‌ஷனுக்குத்தான் போகும். முதல் வரியைப் பார்த்துத்தான் கிளார்க் பிரிப்பார். அவர் மேல் குற்றம் இல்லை, ஒரு திங்கட்கிழமைக்கு முந்நூறு மனு. கூலி பாக்கி என்றால் தொழிலாளர் துறை. அங்கிருந்து முறைப்படி தோப்பு முதலாளிக்கு நோட்டீஸ். நோட்டீஸில் மனுதாரர் பெயரும் தற்போதைய விலாசமும் இருக்கும். நான்தான் டைப் அடித்தேன், அவள் அக்கா வீட்டு விலாசம், கதவு எண் முதற்கொண்டு.

அடுத்த வருடம் தை முடியும் நேரத்தில் அவள் மட்டும் வந்தாள். நோட்டீஸ் போன நாலாம் நாள் லாரி வந்திருக்கிறது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "லாரி வாடவை, டீசல் எல்லாம் எங்க கணக்குல ஏத்திட்டாரு சார். இப்ப பதினாலாயிரம்." என் மேல் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேற மாதிரி எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி? பழைய கார்பன் காப்பியை எடுத்துக்கொண்டு கோர்ட் வளாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். நின்றபடியே படித்தார். "யோவ், இதுல எங்கய்யா கூலி பாக்கி இருக்கு? இது கொத்தடிமை" என்றார். பீரோவிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், 1976.

அன்றைக்கு ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். சங்கிலி, சாட்டை என்று நான் மனதில் வைத்திருந்த எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. முன்பணமோ அது மாதிரி வேறொரு கடப்பாடோ இருக்க வேண்டும். அதற்கு ஈடாக நாலில் ஒன்று பறிபோயிருக்க வேண்டும்: வேறு இடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரம், வெளியே போய்வரும் சுதந்திரம், தன் பொருளையோ உழைப்பையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை, அல்லது உரிய கூலி. ஒன்று போதும். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவன் மேல், 15வது பிரிவு. வெளியே போய்வரும் சுதந்திரம் என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு மாசி மகம் ஞாபகம் வந்தது. இருளர் எங்கே இருந்தாலும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவார்கள். மணலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, மொட்டை போட்டு, காது குத்தித் திரும்புவார்கள். மூன்று வருஷமாகப் போகவில்லை என்று அவள் சொன்னது ஊர்க்கதை இல்லை. கேட்காமலேயே சட்டத்தின் மையமான சாட்சியத்தைத் தேதியோடு கொடுத்திருந்தாள். நான் எழுதாமல் விட்டேன்.

இன்னும் கொஞ்சம் படித்தேன். 6வது பிரிவு. இந்தச் சட்டம் வந்த கணத்திலிருந்து கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு அற்றுப்போகிறது. முதல் பிரிவில் அமலுக்கு வந்த தேதி, 1975 அக்டோபர் 25.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

1975 அக்டோபரில் எனக்குப் பதினோரு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் இருந்தேன். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வை. அதற்கு நெசவாளி மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தள்ளித் தர வேண்டும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை. தறிக்குழி ஈரத்தில் மழைக்காலத்தில் கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போகும். என்னை அங்கே விட்டதற்கு அப்பா நூற்றைம்பது ரூபாய் வாங்கியிருந்தார். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் முன்பணம். தறிக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒரு முதலாளியிடம் கணக்கு இருந்தது. 1976 கோடையில் என் தாய்மாமன் தன் வீட்டுக் கன்றுக்குட்டியை விற்று, பாக்கியைக் கட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்து ஆறாம் வகுப்பில் சேர்த்தார். மற்ற பையன்களைவிட நான் ஒரு தலை உயரம். அந்தக் கன்றை விற்றதற்காக அத்தை மாமாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

கட்ட வேண்டிய கடனே இல்லை அது. மாமா கன்றை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போன அன்றைக்கு அந்தக் கடன் சட்டப்படி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் 'அட்வான்ஸ்' என்று சொன்னபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. அது எங்கள் வீட்டுச் சொல். கொத்தடிமை என்றால் சினிமாவில் வருகிற யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வருடம், 2003 ஜனவரியில்தான், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு இந்தியாவின் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. வெளிநாட்டுக்காரன் நம் புடவை வியாபாரத்தைக் கெடுக்க எழுதுகிறான் என்று டீக்கடையில் ஒருவர் கத்தினார். நான் ஆமாம் போட்டேன். கோர்வைத் தறியில் நாடா தள்ளினவன், ஆமாம் போட்டேன்.

மறுநாள் மனு மாறியது. பெறுநர் வருவாய்க் கோட்டாட்சியர். பொருள்: கொத்தடிமையாக வைக்கப்பட்டுள்ள இரண்டு குடும்பங்களை 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மீட்டு விடுவிப்புச் சான்றிதழ் வழங்கக் கோருதல். முதல் பத்தி: முன்பணம் ரூ.8,000. வாங்கிய நாள், காலண்டர் பார்த்துப் போட்டது. இரண்டாம் பத்தி: 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் செல்ல அனுமதிக்கப்படவில்லை. மூன்று மாசி மகத்துக்கும் தேதி. அடித்தார், கொடுமைப்படுத்தினார் என்பதெல்லாம் நாலாம் பத்திக்குப் போனது. பார்வை என்ற இடத்தில் என் பழைய மனுவின் எண்ணைப் போட்டேன். எனக்கு வலிக்கட்டும் என்று போட்டேன். ஆனால் ஒரு வருடத்துக்கு முன்பே புகார் வந்திருக்கிறது என்பதால் ஆபீஸிலும் அது வேலை செய்தது. பத்தாம் நாள் ஜீப் போனது. சின்னக் குழந்தைகள் உட்பட ஒன்பது பேர்.

விடுவிப்புச் சான்றிதழ் ஒரே பக்கம். பெயர், வயது, எங்கே வேலை செய்தார், கடன் எவ்வளவு, அது ரத்தாகிறது, கையெழுத்து, முத்திரை. அவள் அதை வாங்கி மோந்து பார்த்தாள். புது ஸ்டாம்ப் மை வாசனை. அப்புறம் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

2019 ஜூலையில் எங்கள் மாவட்டத்துக் கோனேரிக்குப்பத்திலும், வேலூர் மாவட்டத்தில் ஓரிடத்திலும், மரம் வெட்டிக்கொண்டிருந்த 42 பேரைச் சார் ஆட்சியர்கள் மீட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வயதான ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடக்கிற போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது. நான் பார்த்தது வேறு. அவர் விழுந்து கும்பிட வேண்டிய அவசியமே இல்லாத சட்டம் அவருக்காக 43 வருடமாக இருந்தது. அடுத்து அவர் கைக்குத் தாள் வந்ததா என்று நான் பார்த்த எந்தப் பத்திரிகையும் படம் போடவில்லை.

தாள் வந்த பிறகும் ஒரு கொக்கி இருக்கிறது. 2016ல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை உயர்த்தியது: ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு, மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். பேப்பரில் கொட்டை எழுத்து. உடனடி உதவி இருபதாயிரம், பிற்பாடு அது முப்பதாயிரம் ஆனது. மீதிப் பெரிய தொகையை, முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு எத்தனை வருடம் நடக்கும் என்று காஞ்சிபுரம் கோர்ட் வாசலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? மறுபடி யாரோ ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கும். இரண்டாம் முறை மீட்கப்பட்டவர்களுக்கு நானே மனு எழுதியிருக்கிறேன். கொடுத்தவனுக்குத் தண்டனை கிடைக்காததற்கு, வாங்கினவன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? மனித உரிமைச் சட்டத்தில் எதையாவது திருத்த வேண்டும் என்று என்னைக் கேட்டால் முதலில் இந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்வேன்.

ஏட்டய்யா விஷயத்துக்கு வருகிறேன். 2022, ஐப்பசி மாதம், அடைமழை. விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார். லுங்கி, மேலே துண்டு, குடை இல்லை. அவர் தங்கை பேரனை ராத்திரி ஒரு மணிக்கு யாரோ வந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். பைக் திருட்டு கேஸாம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. இவர் போன் பண்ணிப் பார்த்த பழைய ஆட்கள் எடுக்கவில்லை. நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவர் நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"எழுதுய்யா. ஒண்ணு, வந்தவனுங்க சட்டைல பேர்ப்பட்டை இல்ல. ரெண்டு, கைதுக் குறிப்பு எழுதல, வீட்டு ஆள் கையெழுத்து வாங்கல. மூணு, எங்க வச்சிருக்காங்கன்னு சொல்லல. நாலு…"

வரிசை மாறாமல், டி.கே.பாசு தீர்ப்பு. மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைச் சேர்த்து 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, 1996 டிசம்பரில் கைதுக்குப் பதினொரு கட்டளை போட்டது கோர்ட். (தபாலில் போன ஒரு கடிதம். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.) பதினொன்றையும் எல்லா ஸ்டேஷனிலும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வைக்கச் சொன்னது. நான் அதைப் புத்தகம் பார்த்துத்தான் எழுதுவேன். ஏட்டய்யாவுக்கு மனப்பாடம்.

"போர்டு என் டேபிளுக்கு எதுத்தாப்பலதான் இருந்துச்சு. பதினாலு வருசம் பார்த்துக்கினே உக்காந்திருந்தேன்" என்றார்.

நான் சேர்த்தது ஒரே பத்தி. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷன் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கச் சொன்ன பிறகு இந்தப் பத்தியை நான் விடுவதே இல்லை. எஸ்.பி., மாஜிஸ்திரேட், மாநில மனித உரிமை ஆணையம், மூன்று ஈமெயிலும் 6.25க்குப் போய்விட்டது. பத்தரை மணிக்குப் பையன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. வேறொன்றும் இல்லை என்றான். புகாரை மேலே கொண்டுபோக வீட்டில் சம்மதிக்கவில்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் யாரோ என்கவுன்டர் செய்தியை உரக்கப் படித்தார்கள். ஏட்டய்யா, "சபாஷ், இப்டிதான் பண்ணணும், மனித உரிமன்னு வந்துடுவானுங்க பாரு" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "அது வேற, இது வேற. நம்ம பையன் ரவுடியா இன்னா?" என்றார். எனக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார். டீக்காசைச் சொல்கிறேன். மனுவுக்கு வாங்கவில்லை.

ஆணையத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது, பரிந்துரை மட்டும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆணையம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும், சம்பந்தப்பட்டவர் ஹைகோர்ட்டுக்குப் போவார், அது வெறும் யோசனைதானே என்று வாதம் நடக்கும். வருஷக்கணக்காக நடந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் ஐந்தாறு பழைய மனுதாரர்களுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தாயார் சந்நிதியில் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு வறுத்த பயறு மடியில் முளைக்கும் என்று நம்பிக்கை. முளைக்கிறதோ இல்லையோ, அதற்கு ஒரு ராத்திரிதான் கெடு. மனுவுக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது.

ஆனால் மனு போடுகிறவருக்குக் கெடு உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் எடுக்காது. எனவே என் பெஞ்சுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம். தமிழில் எழுதலாம். அதே விஷயம் கோர்ட்டிலோ வேறு ஆணையத்திலோ இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடுவிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதை லேமினேட் பண்ண வேண்டாம். உதவித்தொகை கொடுக்கும்போது பின்பக்கம் குறித்துக் கொடுக்கச் சொல்லலாம், அதற்கு இடம் வேண்டும். நகல் மட்டும் மூன்று எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிடுவேன். என்ன நடந்தது என்பதை அப்புறம் சொல்லலாம், என்றைக்கு நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்தத் திருவிழாவுக்கு முன்னால், எந்த மழைக்குப் பின்னால் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள். காலண்டர் இருக்கிறது.